ரத்தப் பையில் என்ன எழுதியிருக்கிறது?

மும்பையில் தாராவி என்ற இடம் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் பல வாழ்கின்றன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள் பலர். தோல் வேலை, தையல் வேலை, இட்லி வியாபாரம் என்று பல தொழில் செய்கிறார்கள். ஒரே சந்தில் பல சாதியார் இருப்பார்கள். பல மதத்தார் இருப்பார்கள்.

அப்படி ஒரு சந்தில் நடக்கும் கதை இது. இதில் வருபவர்கள் கற்பனை மனிதர்கள். ஆனால் அவர்கள் கேட்கும் கேள்விகள் உண்மையானவை. உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள்.

1. ஐந்து புள்ளி எட்டு

முத்துலட்சுமிக்கு வயது 24. எட்டு மாதம் முடிந்துவிட்டது. இது முதல் பிரசவம்.

கொஞ்ச நாளாகவே அவளுக்கு முடியவில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கும். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். கால் வீங்கியிருந்தது.

"வயித்துப் பிள்ளைக்காரின்னா அப்படித்தான் இருக்கும்" என்றார் மாமியார் சுடலையம்மாள்.

ஒரு நாள் முத்துலட்சுமி மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்துப் போயிருந்தது. நகமும் வெளுத்திருந்தது. ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள்.

சீட்டில் ஓர் எண் இருந்தது. 5.8.

அது என்ன எண்? நம் ரத்தத்தில் சிவப்பான ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் ஹீமோகுளோபின். நாம் மூச்சு இழுக்கிறோம். அந்தக் காற்றில் உள்ள பிராணவாயுவை உடம்பு முழுவதும் சுமந்து போவது அதுதான். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் அதுதான் கொண்டு போகிறது.

கர்ப்பிணிக்கு 100 மில்லி ரத்தத்தில் இது 11 கிராமாவது இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தசோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. முத்துலட்சுமிக்கு 5.8 தான் இருந்தது.

"நீங்கள் மூன்றாம் மாதத்திலேயே வந்திருந்தால் மாத்திரை கொடுத்திருப்பேன். ஆறாம் மாதம் வந்திருந்தால் ஊசி மருந்து ஏற்றியிருப்பேன். இப்போது நாள் இல்லை. பிரசவத்தில் எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் ரத்தம் போகும். உங்கள் உடம்பு அதைத் தாங்காது. நாளைக்கே வந்து சேருங்கள். இரண்டு பை ரத்தம் ஏற்ற வேண்டும்" என்றார் டாக்டர்.

2. அத்தையின் பயம்

அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சுடலையம்மாள்தான் முதலில் பேசினார். "முன்னே பின்னே தெரியாதவன் ரத்தம். என்ன சாதியோ, என்ன மதமோ. அது இவ உடம்புல ஓடலாமா? அப்புறம் குலதெய்வக் கோயில் வாசலை மிதிக்க முடியுமா? பிறக்கிற பிள்ளைக்கு யார் குணம் வருமோ!"

முத்துலட்சுமியின் கணவன் முருகன் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்மனுக்கு நேர்ந்திருக்கேன். செவ்வாயும் வெள்ளியும் இவ விரதம் இருக்கா. அம்மன் கைவிட மாட்டா" என்றார் சுடலையம்மாள்.

"சரிம்மா. வேண்டாம்னு நாளைக்கு எழுதிக் கொடுத்திருதேன்" என்றான் முருகன்.

பேச்சுச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவி வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"அக்கா, என் மகன் லாரியில அடிபட்டுக் கிடந்தது ஞாபகம் இருக்கா? அன்னைக்கு மூணு பை ரத்தம் ஏத்தினாங்க. யார் கொடுத்ததுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பள்ளிவாசல் இமாம்கிட்ட கேட்டோம். உயிரைக் காப்பாத்த ஏத்தலாம்னு சொன்னார். என் மகன் இப்பவும் அஞ்சு வேளை தொழுகிறான். ஏத்தின ரத்தம் அவன் மார்க்கத்தை மாத்தலையே!"

சுடலையம்மாள் பதில் சொல்லவில்லை. எதிர் வீட்டு ரெபேக்காள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சுடலையம்மாள் அவளைக் கை காட்டினார்.

"இந்தா, ரெபேக்காள் இருக்கா. இவங்க சபையிலயும் ரத்தம் ஏத்த மாட்டாங்க. கேட்டுப் பாருங்க!"

3. ரெபேக்காள் சொன்னது

ரெபேக்காள் யெகோவாவின் சாட்சிகள் என்ற சபையைச் சேர்ந்தவள். உலகத்தில் பல நாடுகளில் இந்தச் சபையார் இருக்கிறார்கள். இந்தியாவிலும் இருக்கிறார்கள். ரத்தம் என்பது உயிர், அது கடவுளுக்கு உரியது என்று பைபிளில் வருகிறது. ரத்தத்தை விலக்க வேண்டும் என்றும் வருகிறது. ஆகவே ரத்தம் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்று 1945 முதல் இந்தச் சபை போதிக்கிறது.

மற்றக் கிறிஸ்தவ சபைகளில் பெரும்பாலானவை இப்படிச் சொல்வதில்லை. பைபிளில் உள்ள அந்த வார்த்தைகள் உணவைப் பற்றியவை என்று அவை கருதுகின்றன.

யெகோவாவின் சாட்சிகள் எல்லா வைத்தியத்தையும் மறுப்பவர்கள் அல்ல. மருந்து சாப்பிடுவார்கள். ஊசி போட்டுக்கொள்வார்கள். ஆபரேஷன் செய்துகொள்வார்கள். ரத்தம் ஏற்றுவதை மட்டும் மறுப்பார்கள்.

ரெபேக்காள் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, நான் ஏத்திக்கிட மாட்டேன். அது உண்மைதான். ஆனா நான் எனக்குத்தான் சொல்லுதேன். பைபிளைப் படிச்சேன். யோசிச்சேன். ஒரு கார்டில எழுதிக் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன். உயிருக்கு ஆபத்து வரலாம்னும் தெரியும். தெரிஞ்சுதான் போட்டிருக்கேன். அது என் முடிவு."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"முத்துவுக்கு நீங்க முடிவு சொல்லுதீங்க. அண்ணன் எழுதிக் கொடுக்கேன்னு சொல்லுதாங்க. முத்துகிட்ட யாராவது கேட்டீங்களா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முத்துலட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"நான் டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேட்கணும்" என்றாள் அவள்.

4. மூன்று கேள்விகள்

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அங்கே ஒரு நர்ஸ் இருந்தார். பாலக்காட்டுக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஒரு தாளை முருகனிடம் ஒருவர் நீட்டினார்.

"இங்கே கையெழுத்துப் போடுங்கள்."

நர்ஸ் அந்தத் தாளை வாங்கி முத்துலட்சுமியிடம் கொடுத்தார். "உடம்பு இவங்களோடது. இவங்கதான் போடணும்" என்றார்.

நர்ஸ் சொன்னது சட்டம். இதைப் பற்றி ஒரு முக்கியமான வழக்கு உண்டு. டில்லியில் ஒரு பெண் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். அவர் மயக்கத்தில் இருந்தபோது, அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008-ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. அந்தப் பெண் வயது வந்தவர். உடனே செய்தாக வேண்டிய அவசரமும் இல்லை. கண் விழித்ததும் அவரையே கேட்டிருக்கலாம். ஆகவே அம்மாவின் சம்மதம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது.

உயிர் போகும் அவசரம், நோயாளியால் பேசவும் முடியவில்லை என்றால் அது வேறு. அப்போது டாக்டர் உயிரைக் காக்க வேண்டியதைச் செய்யலாம்.

முத்துலட்சுமி தாளைப் பார்த்தாள். அதில் மராத்தியும் இங்கிலீஷும் இருந்தன. அவளுக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும். அதுவும் சந்தில் நடந்த மாலை வகுப்பில் கற்றது.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க சிஸ்டர்" என்றாள். நர்ஸ் வரி வரியாகச் சொன்னார். பிறகு டாக்டர் வந்தார். நர்ஸ் தமிழிலும் இந்தியிலும் மாற்றி மாற்றிச் சொன்னார்.

முதல் கேள்வி: "ரத்தம் ஏத்தினா என்ன நன்மை?"

"இரண்டு பை ஏற்றினால் உங்கள் அளவு 7 அல்லது 8 கிராம் ஆகலாம். பிரசவத்தைத் தாங்கக் கொஞ்சம் தெம்பு கிடைக்கும். மீதியை மருந்தும் சாப்பாடும் பார்த்துக்கொள்ளும்."

இரண்டாம் கேள்வி: "என்ன ஆபத்து?"

"சிலருக்குக் குளிர், காய்ச்சல், அரிப்பு வரும். வகை மாறிய ரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறோம். எய்ட்ஸ் கிருமி, இரண்டு வகை மஞ்சள் காமாலைக் கிருமி, மேக நோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதித்த பிறகுதான் ரத்தம் தருகிறோம். ஆபத்து மிகவும் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன்."

மூன்றாம் கேள்வி: "ஏத்தலைன்னா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "உங்கள் இதயம் இப்போதே மிகவும் சிரமப்படுகிறது. பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமானால் உங்களைக் காப்பாற்றுவது கடினம்."

சுடலையம்மாள் நர்சின் கையைப் பிடித்தார். "நீங்க சொல்லுங்கம்மா. யார் ரத்தம் அது? என்ன சாதி?"

5. பையின் மேல் இருந்த எழுத்து

"ரத்தத்துக்கு வகை உண்டும்மா. ஏ, பி, ஏபி, ஓன்னு நாலு வகை. ஒவ்வொண்ணிலும் பாசிட்டிவ், நெகட்டிவ்னு ரெண்டு. இது எல்லா மதத்திலயும் இருக்கு. எல்லா சாதியிலயும் இருக்கு" என்றார் நர்ஸ்.

ரத்தத்தில் வகைகள் இருப்பதை 1901-இல் உலகுக்குச் சொன்னவர் கார்ல் லேண்ட்ஸ்டைனர். ஆஸ்திரியா நாட்டு விஞ்ஞானி. அதற்காக 1930-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாள் ஜூன் 14. அந்த நாளைத்தான் உலக ரத்த தான நாளாகக் கொண்டாடுகிறோம்.

"என் மகன் ரத்தத்தையே இவளுக்கு ஏத்தலாமே?" என்றார் சுடலையம்மாள்.

"உங்க மகன் ஏ பாசிட்டிவ். மருமகள் பி பாசிட்டிவ். சேராது. கூடப் பிறந்தவங்க ரத்தமே சேராமப் போகலாம். முகம் தெரியாதவங்க ரத்தம் சேரலாம். இதே மும்பையில 1952-ல டாக்டர் பெண்டேயும் அவரோட இருந்தவங்களும் ஒரு புது வகையைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்குப் பேரே பம்பாய் ரத்த வகை. சோதிச்சா ஓ வகை மாதிரித் தெரியும். ஆனா ஓ ரத்தமும் அவங்களுக்குச் சேராது. பம்பாய் வகைக்காரர் ரத்தம் மட்டும்தான் சேரும். எங்கேயோ இருக்கிற ஒருத்தரைத் தேடிப் பிடிக்கணும். அப்போ யாரும் சாதி கேட்கிறதில்லை."

முத்துலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அத்தை, அம்மன் மேல எனக்கும் நம்பிக்கை இருக்கு. அதை ரத்தம் மாத்தாது. நான் ஏத்திக்கிடுதேன்."

தாளை வாங்கினாள். தமிழில் கையெழுத்துப் போட்டாள். கை கொஞ்சம் நடுங்கியது. எழுத்து கோணலாக வந்தது. ஆனால் முழுப் பெயரும் எழுதினாள்.

சுடலையம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்தார். மருமகள் நெற்றியில் பூசினார்.

ரத்தப் பை வந்தது. நர்ஸ் அதை ஏற்றும் முன் முத்துலட்சுமியிடம் காட்டினார். மாலை வகுப்பில் அவள் இங்கிலீஷ் எழுத்தும் கொஞ்சம் கற்றிருந்தாள்.

"இது பி" என்றாள். "இது தேதி. இது இன்னொரு தேதி."

"முதல் தேதி, ரத்தம் எடுத்த நாள். அடுத்தது, அதுக்குள்ள ஏத்தணும்னு சொல்ற நாள். இது பையோட எண். இது, சோதனை எல்லாம் செஞ்சாச்சுன்னு எழுதியிருக்கு."

"கொடுத்தவங்க பேர் எங்கே சிஸ்டர்?"

"பேர் இல்லை."

சுடலையம்மாள் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "ஊரு?" என்று கேட்டார்.

"இல்லை அத்தை" என்றாள் முத்துலட்சுமி. "சாதியும் இல்லை. மதமும் இல்லை."

"குளிர் எடுத்தாலும், அரிச்சாலும், முதுகு வலிச்சாலும், மூச்சு முட்டினாலும் உடனே கூப்பிடணும்" என்றார் நர்ஸ். ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

6. முருகன் கொடுத்த பை

"உங்க ரத்தம் இவங்களுக்குச் சேராது. வேற ஒருத்தருக்குச் சேரும். கொடுக்கிறீங்களா?" என்று நர்ஸ் முருகனிடம் கேட்டார்.

முருகன் தயங்கினான். "பலம் போயிருமே சிஸ்டர். பட்டறையில நாள் முழுக்க உட்காரணும்."

"உங்க உடம்புல சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுது. எடுக்கிறது 350 மில்லி. தண்ணி, ஜூஸ் குடிச்சா ஒண்ணு ரெண்டு நாள்ல அந்த நீர் ஊறிடும். சிவப்பு அணுக்கள் சில வாரத்துல ஊறிடும்."

எடையும் ரத்தமும் பார்த்தார்கள். சரியாக இருந்தது. பத்து நிமிடத்தில் முடிந்தது. அவனுக்கு பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள். அந்தப் பை யாருக்குப் போகும் என்று அவனுக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து முத்துலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் கொஞ்சம் போனது. அவள் தாங்கிக்கொண்டாள்.

"பால் கொடுக்கிறவ விரதம் இருக்கக் கூடாது. இனிமே செவ்வாயும் வெள்ளியும் நான் இருக்கேன்" என்றார் சுடலையம்மாள்.

குழந்தையைப் பார்க்க ரெபேக்காள் வந்தாள். அவளுக்கும் அப்போது மூன்றாம் மாதம். நர்ஸ் அவளிடம் ஒளிக்காமல் பேசினார். "உங்க முடிவை மதிக்கிறோம். ஆனா ரத்தம் ஏத்தாம உயிரைக் காப்பாத்த முடியாத நேரமும் வரலாம். அதனால உங்க முடிவை இப்பவே டாக்டர்கிட்ட சொல்லுங்க. இன்னைக்கே மாத்திரை தொடங்குங்க. ஒரு மாதம்கூட வராம இருக்காதீங்க."

ரெபேக்காள் அன்றே சோதனைக்குப் போனாள். மாத்திரை வாங்கி வந்தாள்.

இருவர் முடிவும் வேறு வேறு. ஆனால் இருவரும் தெரிந்துகொண்டு முடிவு செய்தார்கள். தங்கள் கையாலேயே கையெழுத்துப் போட்டார்கள்.

நினைவில் வையுங்கள்

இந்தியாவில் கர்ப்பிணிகள் 100 பேரில் 52 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இதைச் சொல்கிறது.

கர்ப்பிணிகள் நான்காம் மாதம் முதல் தினமும் ஓர் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். 180 நாள் சாப்பிட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். மாத்திரையோடு டீ, காப்பி குடிக்கக் கூடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் நல்லது. கீரை, பயறு, முட்டை, மீன் சாப்பிடலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்கு ஏற்றும் ரத்தம் இலவசம். 2011 ஜூன் 1 முதல் நடக்கும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இதைத் தருகிறது.

18 வயது முதல் 65 வயது வரை ரத்தம் கொடுக்கலாம். எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம். பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் கொடுக்கக் கூடாது.

பணத்துக்காக ரத்தம் விற்பது குற்றம். உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்ன தீர்ப்பின்படி, 1998 முதல் இதற்குத் தடை இருக்கிறது.

எந்தத் தாளிலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தெரியாத மொழியில் இருந்தால், தெரிந்த மொழியில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எந்த மொழியிலும் கையெழுத்துப் போடலாம்.

பதில் சொல்லுங்கள்

1. முத்துலட்சுமியின் சீட்டில் இருந்த எண் என்ன? அது எவ்வளவு இருக்க வேண்டும்?
2. முருகனின் ரத்தத்தை ஏன் முத்துலட்சுமிக்கு ஏற்றவில்லை?
3. முத்துலட்சுமி டாக்டரிடம் கேட்ட மூன்று கேள்விகள் என்ன?
4. ரத்தப் பையின் மேல் என்ன எழுதியிருந்தது? எது எழுதியிருக்கவில்லை?

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் பெண்களின் வைத்தியம் பற்றி யார் முடிவு செய்கிறார்கள்? அந்தப் பெண்ணைக் கேட்கிறார்களா?
2. வயது வந்தவர் தன் நம்பிக்கைக்காக ஒரு சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லலாம். சிறு குழந்தைக்காகப் பெற்றோர் அப்படிச் சொல்லலாமா?
3. விரதம் இருக்கும் கர்ப்பிணி உங்கள் தெருவில் இருக்கிறாரா? அவரிடம் என்ன சொல்வீர்கள்?

எழுதிப் பாருங்கள்

உங்கள் ரத்த வகை என்ன? தெரியாவிட்டால் ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சிறு அட்டையில் உங்கள் பெயர், ரத்த வகை, வீட்டாரின் தொலைபேசி எண் மூன்றையும் எழுதுங்கள். அதை எப்போதும் உங்களோடு வைத்திருங்கள்.